கொடுக்காமல் வைத்திருக்கும் அழைப்பிதழ்

தம்பி,

சண்டை நின்று பாதை திறந்த வருசம் அது. முகமாலைச் சோதனைச் சாவடியில் இறங்கி, பையை அவிழ்த்துக் காட்டி, திரும்பக் கட்டிக்கொண்டு கொழும்புச் சனம் யாழ்ப்பாணத்துக்குள் வரத் தொடங்கியிருந்தது. வெளிநாட்டுக்குப் போனவர்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து, பஸ் நிலையத்தடியில் நின்று எது எந்தக் கடை என்று தெரியாமல் முழித்தார்கள். உனக்கு மேல்வரிசை முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. வாய்ப்பன் பலகாரத்தைக் கடைவாயால் கடித்துத் தின்றாய். அம்மா சீமெண்ணெய் அடுப்பைத் தூக்கி வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் வைத்துவிட்டு முதன்முதலாகக் காஸ் அடுப்பு மூட்டினதும் அந்த வருசம்தான். எழுத்துத் தெரியாத எனக்கு வருசங்கள் இப்படித்தான் நினைவில் நிற்கின்றன. அந்த வருசம், மாரி தொடங்க முன்னர், ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணி போல, நான் ஒரு சின்னக் கரண்டியை ஒரு தட்டிலிருந்து எடுத்து அடுத்த தட்டில் வைத்தேன். வாற புதன்கிழமை நீ மணவறையில் இருக்கப் போகிறாய். அதற்கு முதல் அந்தக் கரண்டியின் கதை உனக்குத் தெரிய வேண்டும்.

நான் சொல்லச் சொல்ல உன் அம்மா எழுதுகிறாள். ஐந்தாம் வகுப்புவரை போனவள். "கெதியாச் சொல்லாதேங்கோ, எனக்குக் கை நோகுது" என்று இப்போதே புறுபுறுக்கிறாள். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெளிக்கிட்டால் பாதியில் வேறு கதைக்கு மாறிவிடுவேன். அதுதான் கடிதம். வாசித்த பிறகு உன் மனிசியாக வரப்போகும் பிள்ளைக்கும் வாசித்துக் காட்டு. உங்கள் இருவரோடும் கோழிப் பொரியல் கடைக் கவுண்டரில் நிற்கிற மற்றப் பிள்ளைகள் கேட்டாலும் எனக்கு மறுப்பில்லை. மேசைக்கு மேசை சாப்பாடு வைத்து நின்றவனுக்குத்தான் இந்தக் கதை முழுதாக விளங்கும்.

நான் வேலை செய்த தேத்தண்ணிக் கடை உனக்குத் தெரியும், ஆனால் அங்கே என் வேலை என்னவென்று உனக்குச் சரியாகத் தெரியாது. நீ சின்னப் பிள்ளையாக வந்து கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று ரோல்சைத்தான் பார்த்தாய், என்னைப் பார்க்கவில்லை. இடம்பெயர்ந்து போன காலம் தவிர்த்து முப்பத்தொரு வருசம் அங்கே நின்றேன். மேசைக்கு ஒரு தட்டில் வடை, ரோல்ஸ், பற்றிஸ் எல்லாம் நிறைய வைப்போம். ஆட்கள் விரும்பினதைத் தின்றுவிட்டு மிச்சத்தை விடுவார்கள். எழும்பிப் போகும்போது அவர் என்ன தின்றார், என்ன குடித்தார் என்று நான் முதலாளியின் மேசைக்குக் கேட்கச் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். பதினான்கு மேசை. துண்டு கிடையாது, பேனை கிடையாது. எனக்கு எழுதத் தெரியாது என்பது ஒருவருக்கும் குறையாகப் படவில்லை. கணக்குக் கொப்பிக்குப் பதில் நான் நின்றதால் கடையில் எனக்குப் பெயரே "கொப்பி"தான். "கொப்பியைக் கேள், கொப்பி பிழைவிடாது" என்பார் முதலாளி. போன கிழமை ஒருவர் எந்த மேசையில் இருந்து எத்தனை வடை தின்றார் என்று கேட்டாலும் சொல்லுவேன். எனக்கு இருந்த ஒரே சொத்து அதுதான்.

ஆனால் சனம் என்னைத் தேடி வரவில்லை. தேத்தண்ணிக்காரரைத் தேடி வந்தது. என்னைவிட மூன்று வயது மூத்தவர், கொழும்புத்துறையார், மெல்லிய ஆள். வாசல் பக்கத்தில் அடுப்பு, பெரிய கேத்தில், தேயிலை வடிக்கிற துணி; அவ்வளவுதான் அவருடைய இடம். ஆளைக் கண்டவுடன் சாயம் கூடவா குறைவா என்று அவருக்குத் தெரியும். கேட்கமாட்டார், ஊற்றுவார். பாதை திறந்த பிறகு ஒரு நாள், லண்டனிலிருந்து வந்த ஒருவர் வாடகை வான் ஒன்றிலிருந்து இறங்கி, என்னைத் தோளால் விலத்திக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போனார். "அண்ணை, இன்னும் உங்கடை கைதானோ?" என்று கேட்டு, ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் அந்தத் தேத்தண்ணியை ஒவ்வொரு நாளும் மேசைக்குக் கொண்டுபோய் வைத்தவன் நான். அவருக்கு என்னை நினைவில்லை. அவர் மூன்று பற்றிஸ் தின்பார் என்பதும், ஓரத்து மொறுமொறுப்பைக் கடைசியாகத் தின்பார் என்பதும் எனக்கு நினைவிருந்தது. அடுத்த கிழமை அவர் தங்கச்சியின் கலியாணத்துக்குச் சொல்ல வந்தார்கள். அழைப்பிதழ் என் தோளுக்கு மேலால் அடுப்படிக்குப் போனது. எனக்குத் தரவில்லை என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. தேத்தண்ணிக்காரர் அதைக் கும்பிட்டு வாங்கி, சீனிப் பேணிக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். அன்று முழுவதும் நான் அந்தப் பக்கம் போகிற நேரமெல்லாம் அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இனிக் கரண்டி. சீனி போட்ட கிளாசும் போடாத கிளாசும் பார்வைக்கு ஒன்றுதான். அதனால் சீனி இல்லாத கிளாஸ் இருக்கிற தட்டில் தேத்தண்ணிக்காரர் ஒரு சின்னக் கரண்டியை வைப்பார். அது அவர் போட்ட ஒழுங்கு. அந்த வெள்ளிக்கிழமை அவர் இரண்டு கிளாஸ் தந்தார். ஒன்று பென்சன் எடுத்த பள்ளிக்கூட மாஸ்ரர் ஒருவருக்கு; அவருக்குச் சீனி வருத்தம், பத்து வருசமாகச் சீனி இல்லாமல்தான் குடிக்கிறவர். மற்றது பக்கத்து மேசை லொறிக்காரருக்கு. மூன்று கரண்டி சீனி. அடுப்படியிலிருந்து மாஸ்ரரின் மேசைக்கு ஒன்பது எட்டு நடை. நான்காவது எட்டில், தூணின் மறைவில், கரண்டியை எடுத்து மற்றத் தட்டில் வைத்தேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல மாட்டேன்.

இந்த இடத்தில் அம்மா பேனையைக் கீழே வைத்துவிட்டாள். "உதையும் எழுதவோ?" என்றாள். எழுது என்றேன். "இருபது வருசத்துக்கு மேலாச்சு. எனக்கும் சொல்லேல்லை நீங்கள்" என்றாள். பிறகு எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்து இருக்கிறாள்.

மாஸ்ரர் ஒரு வாய் உறிஞ்சினார், வெளியே துப்பினார். "சீனியடா! என்னைச் சாக்கொல்லவோ பாக்கிறியள்?" என்று எழும்பினார். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தட்டில் கரண்டி கிடந்தது, எல்லோரும் கண்டார்கள். முதலாளி வந்து, "கொப்பி, நீ கரண்டியைப் பாத்துத்தானே எடுத்தனி?" என்றார்.

"ஓம் முதலாளி. கரண்டி கிடந்த கிளாஸைத்தான் மாஸ்ரருக்கு வைச்சனான்" என்றேன். ஒரு சொல் பொய் இல்லை, பார்.

தேத்தண்ணிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கிளாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் மாறிப் போட்டனோ?" என்று என்னிடம் கேட்டார். முதலாளியிடம் இல்லை, மாஸ்ரரிடம் இல்லை, என்னிடம். நான் குனிந்து மாஸ்ரரின் மேசையைத் துடைத்தேன். அவர் தானே தலையை ஆட்டிக்கொண்டார். "கொப்பி பிழைவிடமாட்டான். அப்ப என்ரை கைதான்."

அதோடு நின்றிருந்தால் ஆறு மாதத்தில் சனம் மறந்திருக்கும். முதலாளிக்கும் அவரை விட மனமில்லை. நான்தான் ஒரு சொல் மேலதிகமாகச் சொன்னேன். "விடுங்கோ முதலாளி, பாவம். அண்ணைக்கு இப்ப கண்ணும் கொஞ்சம் மங்கல்" என்றேன். எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். "கண் மங்கின ஆளை நெருப்படியிலை வைச்சிருக்கேலாது" என்று முதலாளி அடுத்த கிழமை வேறு ஆளைப் போட்டார். அவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. கண்ணில் ஒரு பிழையும் இல்லை.

போனபின் எனக்கு என்ன கிடைத்தது என்று கேள். ஒன்றும் இல்லை. வருகிற ஆள் எல்லாம் "எங்கை அண்ணை?" என்று கேட்டது. பதினான்கு மேசையிலும் கேட்டது. ஒவ்வொருவருக்கும் நான்தான் மறுமொழி சொல்ல வேண்டியிருந்தது. அவர் அடுப்படியில் நின்றபோது அரைவாசிப் பேர்தான் அவரைக் கேட்டார்கள். போனபின் எல்லோரும் கேட்டார்கள். அந்த எரிச்சலை நான் அந்தக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

பிறகு காஸுக்கும் பெற்றோலுக்கும் சனம் நாள்கணக்காக வரிசையில் நின்ற வருசம் வந்தது. எங்கள் கடை விறகுக்கு மாறி, அதுவும் கட்டாமல் பூட்டிவிட்டது. அடுத்த வருசம் நீ கோழிப் பொரியல் கடையில் சேர்ந்தாய். சிவப்புத் தொப்பியும் நெஞ்சில் பெயர்த்தகடும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோசப் புளுகம். நான் ஒன்றும் சொல்லவில்லை என்று நீ குறைப்பட்டாய். இப்போது சொல்கிறேன்: எனக்குப் பொறாமை. முப்பத்தொரு வருசம் நின்றவனுக்கு ஒரு தகடு இல்லை. உனக்கு ஆறு கிழமையில் பெயர் எழுதிக் குத்தினார்கள். அந்தப் பெயரை வாசிக்கவும் எனக்குத் தெரியாது. உனக்கு முன்னால் ஒரு கொம்பியூட்டர் திரை இருக்கிறது. யாருக்கு என்ன என்பதை அது நினைவில் வைத்திருக்கிறது. நீ சிரித்தால் போதும். அந்தத் திரையைக்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

உனக்குத் தெரியாமல் மூன்று தரம் வந்தேன். எதிரே பஸ் நிற்கிற இடத்தில் நின்று கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். வருகிற சனத்துக்கு நீ சிரிக்கிற அந்தச் சிரிப்பை நான் வீட்டில் ஒருநாளும் கண்டதில்லை. "என்ன எடுக்கிறீங்கள் அக்கா?" என்று குனிந்து கேட்கிறாய். வீட்டில் நான் உன்னிடம் தண்ணீர் கேட்டால் "அங்கை கிடக்கு" என்பாய். நான்காம் தரம் உள்ளே வந்தேன். ஜன்னலோர மேசையில் ஒரு கிழவர் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். நீ கவுண்டரை விட்டு வந்து, தட்டை அவருக்கு முன்னால் வைத்து, "இண்டைக்கு உறைப்பில்லாதது, ஐயா. பொறுங்கோ, எலும்பை எடுத்துத் தாறன். இடப்பக்கத்தாலை கடிக்காதேங்கோ" என்றாய். அந்த ஆளுக்கு எந்தப் பக்கம் பல் இல்லை என்று உனக்குத் தெரியும். எனக்கு எத்தனை பல் மிச்சம் என்று உனக்குத் தெரியுமா, தம்பி? ஏழு.

அப்போதுதான் நீ என்னைக் கண்டாய். "அப்பா! ஏன் வந்தனீங்கள்? சொல்லியிருந்தா வீட்டை கொண்டுவந்திருப்பனே" என்றாய். கிழவர் திரும்பினார். நான் அவரை அடையாளம் காண முன்னரே அவர் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். "எட, கொப்பி!" என்று கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் இருத்தினார். "உன்ரை மோனோ இவன்? அதுதானே பாத்தன். ஆளைக் கண்டவுடனை அலுவல் விளங்குது அவனுக்கு. உன்ரை ரத்தம்."

அதற்குப் பிறகு அவர் உனக்குச் சொன்னதெல்லாம் உனக்கு நினைவிருக்கும். நான் எழுத்துக்கு எழுத்துச் சொல்வேன். "உன்ரை கொப்பர் மாதிரி ஒரு ஞாபகசக்தி உலகத்திலை இல்லை. நான் ஒருக்கா ஒரு மாஸ்ரருக்குச் சீனியைப் போட்டுக் குடுத்திட்டன். அண்டைக்கு எனக்காக முதலாளியிட்டைக் கதைச்ச ஒரே ஆள் இவன்தான்" என்றார். பிறகு தன் கையை விரித்துப் பார்த்தார். "அதுக்குப் பிறகு நான் கேத்தில் தூக்கேல்லை. பள்ளிக்கூடத்திலை வாச்சர் வேலைதான். வீட்டிலையும் மகள்தான் ஊத்துறவள். ஆருக்கும் என்னத்தையும் மாறிக் குடுத்திடுவன் எண்டு பயம்."

நீ அப்போது என்னைப் பார்த்தாய். பெருமையாகப் பார்த்தாய். உன் முப்பது வயதுக்குள் நீ என்னை அப்படிப் பார்த்தது அந்த ஒருநாள்தான். அதுவும் அவர் வாயிலிருந்துதான் எனக்குக் கிடைக்க வேண்டியிருந்தது. அங்கேயே எழும்பி உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்தப் பார்வையை விட எனக்கு மனம் வரவில்லை. நீ அவருக்கு இன்னொரு துண்டு கொண்டுவர எழும்பினாய். எனக்கு வேண்டுமா என்று கேட்டாய்தான், அவருக்குப் பிறகு கேட்டாய்.

கலியாணம் நிச்சயமானதும் நீ முதல் எழுதுவித்த அழைப்பிதழ் அவருடையது. "அப்பா, நான் சொன்னா அது சரியில்லை. நீங்கள்தான் வீட்டை போய்ச் சொல்லவேணும்" என்றாய். சரிதான். எங்கள் பக்கத்தில் பெற்றவர் வீட்டு வாசல் படலையில் வந்து நின்று சொன்னால்தான் சொன்னதாகக் கணக்கு. மாப்பிள்ளை கவுண்டரில் நின்று வாயால் சொன்னால் மரியாதைப்பட்ட ஆள் வரமாட்டார். நான் வெற்றிலைத் தட்டத்தையும் அழைப்பிதழையும் எடுத்துக்கொண்டு கொழும்புத்துறைக்கு பஸ் ஏறினேன். இறங்கி, அவருடைய வீட்டு ஒழுங்கைக்குத் திரும்பாமல் நேரே கடற்கரைக்குப் போய், கவிழ்த்து வைத்த தோணி ஒன்றின் நிழலில் இருந்தேன். மீன் கழுவிக்கொண்டிருந்த ஒரு மனிசி, "ஆரைத் தேடுறியள், ஐயா?" என்று கேட்டாள்.

"ஒருத்தரையும் இல்லை. காத்துக்கு."

"மத்தியான வெயிலுக்கையோ? வெத்திலைத் தட்டத்தோடையோ?" என்று சிரித்தாள்.

அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். நீ "சொன்னனீங்களே?" என்று கேட்டபோது "சொல்லிப்போட்டன்" என்றேன். "என்ன சொன்னவர்?" என்றாய். "சரியான சந்தோசமாம்" என்றேன். இரண்டாம் தரமும் போனேன். அன்றைக்கு பஸ்ஸை விட்டு இறங்கவேயில்லை. அழைப்பிதழ் என் தலையணைக்குக் கீழே இருக்கிறது. அவர் வந்தால் சபையில் எல்லோருக்கும் அந்தக் கதையைச் சொல்லி என்னைப் புகழுவார் என்று பயம் ஒரு பக்கம். நீ மணவறையில் இருந்துகொண்டு அவர் வந்துவிட்டாரா என்று வாசலைப் பார்ப்பாய் என்பது மற்றப் பக்கம். இரண்டில் எது என்னைக் கூடப் பிடித்து இழுத்தது என்று எனக்குத் தெரியும். இரண்டாவதுதான்.

போன ஞாயிறு நீ வந்து, "அந்த ஐயா நாலு நாளாக் கடைக்கு வரேல்லை, அப்பா. காய்ச்சலோ தெரியாது. கலியாணம் முடிய ஒருக்காப் போய்ப் பாக்கவேணும்" என்றாய். அவருக்குக் காய்ச்சல் இல்லை, தம்பி. கடையில் பிள்ளைகள் எல்லாம் அவருக்கு முன்னாலேயே கலியாணத்துக்குச் சீலை, சட்டை என்று கதைத்திருக்கும். அவர் வீட்டில் இருந்து, கொப்பி வருவான், கொப்பி மறக்கமாட்டான் என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டு படலையைப் பார்த்திருப்பார். கிழமை ஒன்று போயிருக்கும். தனக்குச் சொல்லாத கலியாண வீட்டுப் பிள்ளையின் கடைக்கு எந்த முகத்தோடு வருவார்? ஒரு தரம் அவரை அடுப்படியிலிருந்து எழுப்பினேன். இப்போது ஜன்னலோர மேசையிலிருந்தும் எழுப்பிவிட்டேன்.

இதை உனக்கு ஏன் கலியாணத்துக்கு முதல் சொல்கிறேன் என்றால், அந்த நான்காம் தரம் வந்தபோது இன்னொன்றும் கண்டேன். உனக்கு முன்னால் மூன்று பேர் நின்றார்கள். பக்கத்தில் என் வருங்கால மருமகளுக்கு முன்னால் ஒன்பது பேர். உன் வரிசை குறைவு, வாருங்கள் என்று நீ கூப்பிட்டும் ஒருவரும் மாறவில்லை. நீ அவளுடைய வரிசையை எண்ணினாய். தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் திருப்பி எண்ணினாய். அது நான் எண்ணுகிற மாதிரி. சொத்தென்று ஒன்றும் உனக்கு வைக்காதவன், இதை மட்டும் எப்படித் தந்தேனோ தெரியாது. அவளுடைய வரிசை நீண்டால் பக்கத்தில் போய் நின்று பை எடுத்துக் கொடு. சோஸ் எடுத்துக் கொடு. கை வேலையாக இருந்தால் கண் எண்ணாது. சனம் உங்களில் யாரைக் கூடுதலாகத் தேடி வருகிறது என்று வீட்டுக்குள்ளும் எண்ணத் தொடங்கினால், அவள் ஊற்றித் தருகிற தேத்தண்ணிகூட உனக்கு இறங்காது. நான் கண்டது.

அவருக்கு இந்தக் கடிதத்தை நீயே கொண்டுபோய் வாசித்துக் காட்டு என்று எழுதச் சொன்னேன். அம்மா எழுதமாட்டேன் என்றாள்.

"ஏன், கொழும்புத்துறைக்கு பஸ் ஓடேல்லையோ?"

"என்னெண்டு முகத்திலை முழிக்கிறது?"

"அந்த மனிசன்ரை பெஞ்சாதி, அவரை வேலையாலை நிப்பாட்டின கிழமை, இஞ்சை வந்து உந்தக் கதிரையிலை இருந்து அழுதவ. நீங்கள் அடுக்களைக்குப் பின்னாலை நிண்டனீங்கள். நான் தேத்தண்ணி போட்டுக் குடுத்து, 'உங்கடை அவர் இனிக் கவனமா இருக்கட்டும்' எண்டு புத்தி வேறை சொல்லி அனுப்பினனான். நான் என்னெண்டு முழிக்கிறது?" என்று கேட்டாள். பேனையைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "நானும் வாறன். நீங்கள் கடற்கரைப் பக்கம் ஓடாமல் பிடிக்க ஒரு ஆள் வேணும்" என்றாள்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறோம். முதலில் கரண்டி, பிறகு அழைப்பிதழ். அழைப்பிதழை முதல் கொடுத்தால் கரண்டியைச் சொல்லாமல் வந்துவிடுவேன் என்று அம்மாவுக்குத் தெரியும். திரும்பி வரும் வழியில் உன் கடையில் இறங்கி இந்தக் கடிதத்தை உன் கையில் தருவோம். அவர் என்னை அடிக்கமாட்டார். ஏசவும் மாட்டார். "அப்ப என்ரை கை பிழைக்கேல்லையோ?" என்றுதான் கேட்பார் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு மன்னித்தும் விடுவார். அவ்வளவு பெரிய மனம் எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று அதிலும் எனக்குப் பொறாமைதான் வரும். வராது என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். அவர் கலியாணத்துக்கு வந்தால் என்னைக் கவனிக்க முதல் அவரைக் கவனி. நான் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். அந்த உண்மைக்குப் பிறகு நீ என்னை எப்படிப் பார்த்தாலும் அதையும் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியவராது. அன்று கடைக்குள் நின்றவர்களை நான் மறக்கவில்லை. முதலாளி கொழும்பில் மகள் வீட்டில் கண்ணை மூடினார். மாஸ்ரர் அதற்கு இரண்டு வருசம் கழித்து, தைப்பொங்கலுக்கு மறுநாள். வடை சுட்டவர் கடைசி இடப்பெயர்வில் போனவர், திரும்பவில்லை. லொறிக்காரர் கொரோனாவில். தூணடி மேசையில் தகப்பனும் மகனுமாக இருவர் இருந்தார்கள், இருவரும் இல்லை. அந்தக் கிளாஸில் சீனி இருந்ததைக் கண்டவர்களில், என்னைத் தவிர, இன்றைக்கு உயிரோடு இருப்பது ஒரே ஒருவர். நாளைக்கு அவருடைய படலையில் நின்று நான் கூப்பிடப் போவது அவரைத்தான்: நவரத்தினம் அண்ணை.